கண்ணாடி வீட்டில் கவிழ்ந்த தொட்டி

மாமியாரிடம் வேலைக்குச் சேர்ந்த மாப்பிள்ளைக்கு மரியாதையில் ஒரு குறையும் இருக்காது. அதுதான் கொடுமை. வேறு முதலாளியாக இருந்தால் "மூளை இருக்கா?" என்று கேட்டு ஒரே வரியில் முடித்துவிடுவார். அத்தையால் அப்படிக் கேட்க முடியாது; பெண்ணைக் கொடுத்திருக்கிறார். ஆகவே, "மாப்பிள்ளை, யோசிக்கப் போறீங்கன்னா முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிடுங்க, நான் கொஞ்சம் தள்ளி நின்னுக்கறேன்" என்பார்.

அத்தை துப்பறியத் தொடங்கியதே மாப்பிள்ளையால்தான். மகள் பேருந்து நிறுத்தத்தில் தினமும் யாரோடு நிற்கிறாள் என்பது அவர் கண்டுபிடித்த முதல் வழக்கு. குற்றவாளியைப் பிடித்து மாப்பிள்ளையாக்கினார். இன்ஷூரன்ஸ் கம்பெனி அவரைக் கைவிட்டதும் உதவியாளராகவும் ஆக்கிக்கொண்டார். ஆயுள் தண்டனை என்று மாப்பிள்ளை சொல்வதுண்டு, அத்தையின் காதில் விழாத தூரத்தில் நின்று. அப்படி ஒரு தூரம் உலகத்தில் இருப்பதாக அவர் இன்னும் நம்பிக்கொண்டிருந்தார்.

அன்று காலை இருவரும் தாவர ஆராய்ச்சித் தோட்டத்தின் கண்ணாடி வீட்டுக்குள் நின்று இட்லிப் பானைக்குள் நிற்பதுபோல வெந்துகொண்டிருந்தார்கள். எதிரே அந்தத் தோட்டத்தின் மூத்த விஞ்ஞானி. செடிகளுக்கு மட்டுமே டாக்டர் என்றாலும் ஊரே அவரை டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டது. கண்கள் சிவந்திருந்தன.

"இங்கதான் இருந்துச்சு," என்று தரையைக் காட்டினார். "உலகத்துல எந்தத் தோட்டத்துலயும் இல்லாத கொடி. மேல்காட்டுல இருந்து வேரும் மண்ணுமா ஒரு சின்னத் தண்டா வந்துச்சு. பச்சைக் குழந்தை மாதிரி வளர்த்தேன். பூக்கவே இல்ல. விடுமுறையில வெளியூர் போயிருந்தேன். காலையில வந்து பார்த்தா காணோம்."

"வெளியூர்ல என்ன விசேஷம்?" என்றார் அத்தை.

"மாநாடு. 'இந்தக் கொடி ஏன் பூப்பதில்லை'ன்னு பேசினேன்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "நல்ல கைதட்டல்," என்றார்.

"பூக்காட்டி என்ன, போகட்டுமே," என்றார் மாப்பிள்ளை. "பச்சையா இருந்தா பத்தாதா?"

"பூ பார்த்தாதான் அது எந்தக் குடும்பம்னு தெரியும். குடும்பம் தெரிஞ்சாதான் பேர் வைக்க முடியும். பேர் இல்லாத செடிக்கு எதுக்குக் கண்ணாடி வீடுன்னு மேலிடத்துல கேட்கறாங்க. இன்னிக்கு ஆய்வுக் குழு வருது. கொடியும் இல்லைன்னா இந்த இடம் என் கையை விட்டுப் போயிடும்."

"குடும்பம் தெரிஞ்ச பிறகு பேர் சொல்றது நல்ல பழக்கம்," என்றார் அத்தை. "எங்க வீட்டுல ஒருத்தர் குடும்பம் தெரியறதுக்கு முன்னாடியே எம்பொண்ணைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பிச்சுட்டார்."

மாப்பிள்ளை கூரையைப் பார்த்தார். பார்த்ததால் ஒரு பலன் கிடைத்தது. "அத்தை, மேல ஒரு கண்ணாடி திறந்திருக்கு."

டாக்டரம்மா துள்ளினார். "நான் திறக்கவே மாட்டேனே! பூச்சி வந்துடும்! எறும்பு வந்துடும்!"

"திருடன் அது வழியா வந்திருப்பான்," என்றது வாசலிலிருந்து ஒரு குரல். தோட்டத்தின் இயக்குநர் நின்றுகொண்டிருந்தார். எங்கே நின்றாலும் முன்னால் மேசையும் தண்ணீர் பாட்டிலும் இருப்பதுபோலப் பேசுகிறவர். அவருடைய வாழ்நாள் இலட்சியம் ஒரு மீட்டிங் ஹால். மீட்டிங் ஹால் இல்லாத குறையைப் பற்றி வாரந்தோறும் வராந்தாவில் மீட்டிங் போட்டுவந்தார். இந்தக் கண்ணாடி வீடு அளவில் அதற்குக் கச்சிதம்.

"மேல்காட்டு ஆளுங்க வேலைதான் இது," என்றார் இயக்குநர். "கொடி அவங்க இடத்துல இருந்து வந்தது. திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாங்க. குழு வந்ததும் முதல் வேலையா போலீசுக்குச் சொல்லிடலாம். அதுக்குள்ள இந்த இடத்தைக் கொஞ்சம் சுத்தம் பண்ணணும். அந்த மூலையைப் பாருங்க, முள்ளும் கயிறுமா."

மூலையில் செங்கல் கட்டிய பாத்தியில் ஆள் உயர முட்புதர் ஒன்று யாரையோ அடிக்கக் கை ஓங்கியதுபோல நின்றது. அதன்மேல் பழைய கயிறுகள் தாறுமாறாகக் கிடந்தன.

"அது என்ன செடி?" என்று கேட்டார் அத்தை.

"கொடியோட வேர் மண்ணுல ஒட்டிக்கிட்டு வந்த களை," என்றார் டாக்டரம்மா. "பிடுங்கி எறிஞ்சிருப்பேன். என் மருமகதான் வேண்டாம்னு ஒத்தைக் காலில நின்னா. அவ மேல்காட்டுப் பொண்ணு. பக்கத்துக் கட்டடத்துல மண் பரிசோதனை பண்றா. நல்லாப் படிச்சவ. ஆனா கொடியைப் பத்திப் பேச்சு எடுத்தா, எங்க ஊர்ல அப்படிச் சொல்வாங்க, இப்படிச் சொல்வாங்கன்னு ஆரம்பிச்சுடுவா. டேட்டா இருக்கான்னு கேட்டேன். அதுல இருந்து எங்களுக்குள்ள பேச்சு வார்த்தை இல்ல."

"ஒரே வீடா?"

"ஒரே வீடுதான்."

"வீட்டுல பாத்திரம் யார் கழுவறாங்க?"

டாக்டரம்மா விழித்தார். இயக்குநர் அதைவிட விழித்தார். மாப்பிள்ளை மட்டும் விழிக்கவில்லை. அத்தை இப்படிச் சம்பந்தமில்லாமல் கேட்டால் சம்பந்தம் எங்கோ தயாராகிக்கொண்டிருக்கிறது என்பது அவருக்குப் பழக்கம்.

"அவதான்," என்றார் டாக்டரம்மா. "எதுக்குக் கேட்கறீங்க?"

அத்தை தரையில் குந்தினார். கொடி இருந்த பெரிய மண் தொட்டி அங்கேயே இருந்தது. உள்ளே கொடி இல்லை, மண்ணும் இல்லை. கழுவித் துடைத்து, ஒரு சின்னக் குச்சியின்மேல் விளிம்பு படும்படி, அடியில் காற்றுப் போக வழிவிட்டுக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. சுற்றிலும் ஒரு சருகு இல்லை. அப்படிப் பெருக்கியிருந்தது.

"கழுவிக் கவிழ்த்துட்டு, பெருக்கிட்டும் போயிருக்கான்," என்றார் மாப்பிள்ளை. "அத்தை, இவனைப் பிடிச்சா போலீஸ்ல குடுக்க வேண்டாம். நம்ம வீட்டுல வெச்சுக்கலாம்."

"அதான் நீங்க இருக்கீங்களே மாப்பிள்ளை."

அப்போதுதான் அவர்கள் இருவர் கண்ணிலும் அது பட்டது. தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் தண்ணீர் வடிவதற்குப் போட்டிருந்த இரும்புச் சல்லடையின் இடுக்கிலிருந்து எறும்பு வரிசை ஒன்று வெளியே வந்து, சுவரோரமாக நடந்து, கதவுக்கு அடியில் புகுந்து வெளியேறிக்கொண்டிருந்தது. கல்யாண ஊர்வலம்போல நிதானமாக, பளபளவென்று.

"எறும்பு!" என்று அலறினார் டாக்டரம்மா. "என் கண்ணாடி வீட்டுலயா! மருந்து அடிச்சு அடிச்சு ஒண்ணு விடாம வெச்சிருந்தேனே!"

"கொடியைத் தூக்கிட்டுப் போனப்ப வழியெல்லாம் அதோட பால் சொட்டியிருக்கணும்," என்றார் அத்தை, கண்கள் மின்ன. "சொட்டின இடமெல்லாம் எறும்பு. எழுந்திருங்க மாப்பிள்ளை. வழி சொல்ல ஆள் கிடைச்சாச்சு."

எறும்புக்குப் பின்னால் போவது எவ்வளவு சிரமம் என்பது போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கண்ணாடி வீட்டின் பின்சுவரைத் தாண்டி, சாக்கடை மூடியின் விளிம்பில் ஏறி, தோட்டத்தின் பின்வாசல் வழியாக வரிசை தெருவுக்கு வந்தது. அத்தை கைப்பையை அக்குளில் இடுக்கி, குனிந்த முதுகு நிமிராமல் நடந்தார். மாப்பிள்ளை பூதக்கண்ணாடியோடு மண்டியிட்டு நகர்ந்தார். பின்னால் வந்த ஒருவர், தொலைத்தது மோதிரமா தோடா என்று கேட்டார். "கொடி," என்றார் மாப்பிள்ளை. தங்கத்தில் அரைஞாண் கொடி என்று நினைத்துக்கொண்டு அவரும் மண்டியிட்டுத் தேட ஆரம்பித்தார். தெருமுனை வருவதற்குள் இன்னும் சிலர் சேர்ந்துவிட்டார்கள். என்ன தேடுகிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது. கிடைத்தால் பாதிப் பங்கு வேண்டும் என்பதில் எல்லோரும் தெளிவாக இருந்தார்கள்.

வரிசை ஒரு தையல் கடைக்குள் நுழைந்தது. தையல்காரர் மிஷினை நிறுத்திக் காலைத் தூக்கிக்கொண்டார்.

"என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம், எறும்பு பின்னாடி வந்தோம்," என்றார் அத்தை.

"எந்த எறும்பு?"

"முன்னாடி போறது."

தையல்காரர் கொஞ்சம் யோசித்தார். "அளவு எடுக்கணுமா?" என்றார்.

எறும்புகள் கடையின் பக்கவாசல் வழியாக வெளியேறி, அகலமான தெருவைக் குறுக்கே கடந்தன. சிமென்ட் லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. அத்தை நடுத்தெருவில் இறங்கிக் கையை நீட்டினார். லாரி முனகிக்கொண்டே நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார்.

"யாரும்மா வர்றாங்க?"

"சாட்சிங்க."

"எங்க, ஒருத்தரையும் காணோமே?"

"கீழ பாருங்க."

ஓட்டுநர் கீழே பார்த்தார். இன்ஜினை அணைத்துவிட்டு மரியாதையாகக் காத்திருந்தார். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தபோது அவர்தான் இறங்கிப் போய் விளக்கம் சொன்னார். என்ன சொன்னாரோ, எல்லா வண்டிகளும் இன்ஜினை அணைத்தன.

தெருவின் மறுகரையில் பேக்கரி. வரிசை அதன் படியேறி, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கேக்குகளையும் பன்களையும் திரும்பிக்கூடப் பார்க்காமல், அடுப்புச் சுவரின் அடியில் இருந்த விரிசலுக்குள் நுழைந்தது.

"பிடிச்சாச்சு!" என்று மாவுக் கையோடு வந்த பேக்கரிக்காரரின் சட்டையைப் பிடித்தார் மாப்பிள்ளை. "கொடி எங்க? சுவருக்குள்ளயா ஒளிச்சு வெச்சிருக்கே?"

"யோவ், கேக்குக்கு யாராவது கொடியில இருந்து மாவு எடுப்பாங்களா?"

"மாப்பிள்ளை, அவரை விடுங்க," என்றார் அத்தை. குரல் வேறுமாதிரி இருந்தது. பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு விரிசலுக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். "இவங்க வயித்தைப் பாருங்க."

மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். உள்ளே நுழையும் எறும்புகளின் வயிறு கண்ணாடி மணிபோலப் புடைத்து மின்னியது. விரிசலிலிருந்து வெளியே வந்து எதிர்த் திசையில் ஓடும் எறும்புகள் ஒட்டிய வயிற்றோடு இருந்தன. வரும்போது அந்தப் பக்கம் போகிறவர்களை இருவருமே கவனிக்கவில்லை.

"போறது வேலைக்கு. வர்றது சாப்பிட்டுட்டு," என்றார் அத்தை. "நாம திருடன் பின்னாடி வரல மாப்பிள்ளை. பந்தியில சாப்பிட்டுட்டு வீட்டுக்குத் திரும்பறவங்க பின்னாடி வந்திருக்கோம்."

"அப்ப பந்தி?"

"நாம புறப்பட்ட இடத்துல."

பேக்கரிக்காரருக்கு மெல்ல மெல்ல விஷயம் உறைத்தது. "கொஞ்சம் இருங்க. என் கடைச் சுவர்ல குடியிருக்கு. பக்கத்துல சர்க்கரை மூட்டை. மேல கேக்கு. இதையெல்லாம் விட்டுட்டுத் தெரு தாண்டிப் போய்ச் சாப்பிடுதா?" வாசலுக்குப் போய்த் தெருவை எட்டிப் பார்த்தார். "அங்க யாரு கேக் பண்றாங்க?"

"கேட்டீங்களே, அதுதான் கேள்வி!" என்றார் அத்தை எழுந்துகொண்டே. "உங்க கேக்கையே ஒதுக்கிட்டுப் போற அளவுக்கு இனிப்பா ஒண்ணு அந்தக் கண்ணாடி வீட்டுல புதுசா ஊறுது. கொடி வெளியே போகவே இல்ல. உள்ளதான் இருக்கு. உயிரோட இருக்கு. மாப்பிள்ளை, தொட்டியை ஏன் கழுவிக் கவிழ்த்தாங்க?"

"காயறதுக்கு."

"திருடன் அது காயட்டும்னு கவலைப்படுவானா? மாமியார் வந்து பார்ப்பாங்கன்னு பயந்தவங்கதான் குச்சி முட்டுக் குடுத்துக் கவிழ்ப்பாங்க."

மாப்பிள்ளை ஆமோதித்தார். அவரும் வீட்டில் அப்படித்தான் கவிழ்ப்பார்.

"தரையை ஏன் பெருக்கினாங்க? இலை உதிர்ந்திருக்கு. ஒரேயடியா உதிர்ந்திருக்கு. இலை எல்லாம் போனா கொடி எப்படி இருக்கும்?"

"வெறும் கயிறு மாதிரி..." என்று ஆரம்பித்த மாப்பிள்ளை பாதியில் நிறுத்தினார். முள்ளும் கயிறுமாக ஒரு மூலை. அதைச் சுத்தம் செய்யப் போவதாகச் சொன்ன ஒரு மனிதர்.

இருவரும் ஓடினார்கள். பின்னால், பங்கு கேட்டு வந்த கூட்டமும் ஓடியது. அதற்குப் பின்னால் பேக்கரிக்காரர், அந்தக் கேக்கைச் செய்தவன் யார் என்று பார்த்துவிடும் ஆவேசத்தில், மாவுக் கையோடு ஓடினார். லாரி ஓட்டுநர் இன்ஜினை மறுபடி அணைத்தார்.

கண்ணாடி வீட்டில் இயக்குநர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பெரிய தோட்டக் கத்திரியை விரித்து, முட்புதரின் அடிப்பாகத்தைக் குறிபார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் டாக்டரம்மா எறும்பு மருந்துக் குழாயோடு தயாராக நின்றார்.

"மாப்பிள்ளை, பிடிங்க!" என்று கத்தினார் அத்தை.

எதைப் பிடிக்க வேண்டும் என்று கேட்க நேரமில்லை. மாப்பிள்ளை பாய்ந்து போய் முட்புதரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிடித்த பிறகுதான் அது முட்புதர் என்பது மண்டையில் ஏறியது. அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டடத்தின் ஜன்னல்கள் திறந்தன. அங்கிருந்து வெள்ளைக் கோட்டோடு ஓர் இளம்பெண் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"அத்தை, வெட்டாதீங்க!"

அத்தையும் திரும்பினார், டாக்டரம்மாவும் திரும்பினார். வந்தவள் டாக்டரம்மாவின் மருமகள்.

"வாம்மா," என்றார் அத்தை. "தொட்டியை நல்லாவே கழுவியிருக்கே."

மருமகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தான்," என்றாள். "நான்தான் எடுத்து இந்தப் புதர் பக்கத்துல நட்டேன். இவங்க ஊருக்குப் போன அன்னிக்கு. காத்து வரட்டும்னு மேல கண்ணாடியையும் நான்தான் திறந்தேன். எங்க பக்கத்துல இதை மருமகக் கொடின்னு சொல்வோம். அந்த முள்ளு, மாமியார் முள். மாமியார் பக்கத்துல இல்லாட்டி மருமக முகம் மலர மாட்டான்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியும். இவங்ககிட்ட சொன்னா டேட்டா கேட்கறாங்க. சரி, பூத்த பிறகு டேட்டாவோட சொல்லலாம்னு..." கோட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள். "ரெண்டு நாள் கழிச்சு வந்து பார்க்கறேன், எல்லா இலையும் கொட்டிக் கிடக்கு. கொன்னுட்டேன் அத்தை. உங்க கொடியை நான் கொன்னுட்டேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் பெருக்கி எடுத்துட்டு..."

டாக்டரம்மா மருந்துக் குழாயைக் கீழே வைத்தார். முட்புதருக்கு அருகே போனார். கயிறு என்று நினைத்திருந்ததைத் தொட்டார். மாப்பிள்ளையின் காதுக்குப் பக்கத்தில் அது சுற்றிக்கொண்டிருந்தது.

"செத்துப்போன கயித்தைத் தேடி எந்த எறும்பும் தெரு தாண்டி வராது," என்றார் அத்தை.

டாக்டரம்மா கழுத்தில் தொங்கிய லென்ஸைக் கண்ணில் வைத்தார். கொடியின் ஒவ்வொரு கணுவிலும் தேன் நிறத்தில் ஒரு சொட்டுப் பிசின் உறைந்திருந்தது. ஒவ்வொரு பிசினையும், பாத்தியின் வடிகால் ஓட்டை வழியாக ஏறிவந்த எறும்புகள் மொய்த்துச் சுரண்டிக்கொண்டிருந்தன. பிசினுக்கு அடியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பதுபோல மூடிய மொட்டு.

"இந்தப் பிசின்..." என்றார் டாக்டரம்மா மெதுவாக. "சின்னச் சின்னதா எப்பவும் வரும். நோய்னு நினைச்சு ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சு எடுப்பேன். மொட்டும் அதோட வந்துடும்போல. பிசினை எறும்பு தின்னாதான் மொட்டுக்கு மூச்சு. நான் எறும்பையும் வர விடல. பூக்கறதுக்கு முன்னாடி இலையைக் கொட்டற கொடி இது. உதிர்ந்தது சாவு இல்லடி. ஆயத்தம்."

"இலை கொட்டும்னு எங்க ஆளுங்க சொன்னதே இல்லையே."

"காட்டுல இது மரத்து உச்சியில இருக்கும். கீழ நின்னு பார்த்தா எந்த இலை எந்தக் கொடியோடதுன்னு எப்படித் தெரியும்?" டாக்டரம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "ஆனா இவ்வளவு பிசின் வந்ததே இல்ல. புதரோட வேர்ல ஏதோ பூஞ்சை இருக்கணும். அது வழியா இதுக்கு ஊட்டம் போகுது."

"நாங்க மாமியார்னு சொல்றோம், நீங்க பூஞ்சைன்னு சொல்றீங்க."

"நான் வாயே திறக்கல அத்தை," என்றார் மாப்பிள்ளை புதருக்குள்ளிருந்து.

வாசலில் இருமல் சத்தம். ஆய்வுக் குழுவின் தலைவர், கைத்தடியோடும் பின்னால் கோப்புகளைச் சுமந்த குழுவோடும் நின்றுகொண்டிருந்தார். அவர் கண்டது இதைத்தான்: கத்திரியோடு இயக்குநர், தரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைக்கும் ஒரு பெண், முட்புதரைத் தழுவிய ஒரு மனிதர், கதவருகே இன்னும் பங்கு கேட்டுக்கொண்டிருந்த ஒரு கூட்டம், "யார் அந்தக் கேக்கு?" என்று கண்ணாடியில் மூக்கை அழுத்தி நின்ற ஒரு பேக்கரிக்காரர்.

"பூக்குமா?" என்றார் தலைவர். எந்தச் செடியைப் பார்த்தாலும் அவர் கேட்கும் கேள்வி அது ஒன்றுதான்.

மாப்பிள்ளையின் மூக்குக்கு நேரே ஒரு மொட்டின்மேல் கடைசி எறும்பு கடைசித் துளிப் பிசினைக் கவ்விக்கொண்டு இறங்கியது. மொட்டு ஒருமுறை நடுங்கியது. பிறகு, குடையை உதறி விரித்ததுபோல, பட்டென்று மலர்ந்தது. மஞ்சளும் சிவப்புமாக, உள்ளங்கை அகலம். அடுத்த கணுவில் இன்னொன்று. அதற்கடுத்த கணுவில் இன்னொன்று. கொடி முழுக்கப் பட் பட்டென்று விரிந்துகொண்டே போனது. அதன் மணம் பரவியதும் பேக்கரிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, "சரி, ஒத்துக்கறேன்," என்றார்.

டாக்டரம்மாவும் மருமகளும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். பேச்சு வார்த்தை இல்லை என்பது இருவருக்குமே மறந்துபோனது.

முதலில் சுதாரித்தவர் இயக்குநர். "பாராட்டுகள்!" என்று கத்திரியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். "பூத்தாச்சு. இனிப் பேர் வெச்சுடலாம். ஆராய்ச்சி வெற்றிகரமா முடிஞ்சுது. ஆகவே தலைவர் அவர்களே, இந்த இடம் இனிமே தேவைப்படாது. இங்க ஒரு மீட்டிங் ஹால்..."

தலைவர் தலையாட்டிக்கொண்டே பேனாவை எடுத்தார். முடிந்த வேலைக்கு இடம் எதற்கு என்பது நியாயம்தானே.

டாக்டரம்மாவின் முகம் வெளுத்தது. என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு பூவைப் பறித்து லென்ஸுக்கு அடியில் வைத்தார். பார்த்தார். இன்னொரு பூவைப் பார்த்தார். மூன்றாவதைப் பார்த்துவிட்டு விக்கலெடுப்பதுபோலச் சிரிக்க ஆரம்பித்தார்.

"ஏண்டி," என்றார் மருமகளிடம், "உங்க ஊர்ல யாராவது இந்தக் கொடியில காய் பார்த்திருக்காங்களா?"

"இல்ல. கூச்சம்னு சொல்வாங்க. மருமக இல்லையா, கூச்ச சுபாவம்."

"கூச்சமும் இல்ல, மருமகளும் இல்ல. எல்லாப் பூவுலயும் மகரந்தம் மட்டும்தான் இருக்கு. காய் பிடிக்கற சூலகம் ஒண்ணுலகூட இல்ல. இது ஆண் கொடி."

மருமகளின் வாய் திறந்தபடி நின்றது. "காலங்காலமா நாங்க இதை மருமகள்னு..."

"மாப்பிள்ளையை!" என்றார் அத்தை, தாங்கமுடியாத ஆனந்தத்தில்.

"அப்ப பொண்ணு எங்க?" என்றார் தலைவர், பேனாவை நிறுத்தி.

மருமகள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "இருக்கு! மேல்காட்டோட உச்சியில இதே மாதிரி ஒரு கொடி உண்டு. அது காய்க்கும். அதுக்குத் தனிக்கட்டைன்னு பேர். கல்யாணம் காட்சி இல்லாம காய்க்குதேன்னு ஊர்ல அதைப் பத்தி யாரும் வாயே திறக்க மாட்டாங்க. சின்னப் பசங்களை அந்தப் பக்கம் விடவே மாட்டாங்க."

"அந்தக் கொடியா?" டாக்டரம்மா சிரிப்பை நிறுத்தினார். "காய் இப்படி நட்சத்திரம் மாதிரி வெடிச்சிருக்குமா?"

"ஆமா."

"அதைக் காய வெச்சு அட்டையில ஒட்டி என் அலமாரியில வெச்சிருக்கேன்டி! வேற குடும்பத்துல சேர்த்து, எங்க புரொஃபசர் பேரை அதுக்கு வெச்சிருக்கேன்!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊர் ஒரு குடும்பத்தைப் பிரித்து வைத்திருந்தது. அலமாரியும் அதையே செய்திருந்தது. இந்த விஷயத்தில் யாரும் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை.

"தலைவரே," என்றார் அத்தை, கைப்பையை மடியில் வைத்தபடி, "பொண்ணு இருக்கிற இடம் தெரிஞ்சுபோச்சு. மாப்பிள்ளை இங்க தயாரா நிக்கறார். இந்த நேரத்துல வீட்டைக் காலி பண்ணச் சொல்றது முறையா இருக்குமா?"

தலைவர் எழுதியதை அடித்தார். புதிதாக ஒரு வரி எழுதி அதைக் குழுவுக்கு முன் சத்தமாகப் படித்தார். பெண் கொடியைக் கொண்டுவந்து இரண்டையும் சேர்த்துக் காய் பார்க்கும்வரை கண்ணாடி வீடு டாக்டரம்மாவிடமும், மேல்காட்டு வழி தெரிந்த அவர் மருமகளிடமும் இருக்கும்; முட்புதரை யாரும் தொடக்கூடாது. போலீஸ் என்ற பேச்சை இயக்குநர் எடுக்கவே இல்லை. மீட்டிங் ஹாலைப் பற்றி ஆலோசிக்க அவர் உடனே வராந்தாவுக்குப் போய்விட்டார்.

"எப்ப கிளம்பலாம்?" என்று மருமகளைக் கேட்டார் டாக்டரம்மா.

"நாளைக்கே. ஆனா எங்கம்மா சும்மா இருக்க மாட்டாங்க. மருமகளை மாப்பிள்ளைன்னு சொன்னீங்கன்னா உங்களை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க."

"பண்ணட்டும். நான் லென்ஸை எடுத்துட்டு வர்றேன். அவங்களே பார்க்கட்டும்."

கூட்டம் கலைந்தது. பேக்கரிக்காரர் ஒரு பூ கேட்டார், கிடைக்கவில்லை. மாப்பிள்ளையைப் புதரிலிருந்து பிரித்தெடுத்து ஒரு முக்காலியில் உட்காரவைத்து, அத்தை கைப்பையிலிருந்து ஊக்கு ஒன்றை எடுத்து ஒவ்வொரு முள்ளாகக் களைய ஆரம்பித்தார்.

மாப்பிள்ளை எதிரே பார்த்தார். அத்தனை முள்ளுக்கும் நடுவே, மாமியாரின் காலடியில், தலைநிறையப் பூவோடு, ஒன்றும் அறியாதவன்போல அந்தக் கொடி ஆடிக்கொண்டிருந்தது.

"அத்தை."

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"புதுசா வந்திருக்கான், பாவம். முதல்ல கொஞ்ச நாள் குத்தும், அப்புறம் பழகிடும்னு அவன்கிட்ட யாராவது சொல்லணும்."

"சொல்லலாமே," என்றார் அத்தை. அடுத்த முள்ளை இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தேடினார். "நீங்களே சொல்லுங்க. நீங்க சொன்னாதான் நம்புவான்."